பட்டம் கையில், பட்டயம் எப்போது? யாழ்ப்பாணத்திலிருந்து பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கான முழு வழிகாட்டி

பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்த அன்றைக்கே ஊரில் "எஞ்சினியர்" என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். கலியாணத் தரகர் அதற்கும் முந்திவிடுவார். சட்டம் அவ்வளவு அவசரப்படாது. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டத்தின்படி, இந்த நாட்டில் பொறியியல் தொழில் செய்பவர் தனக்குரிய வகுதியில் பேரவையிடம் பதிந்திருக்க வேண்டும். பட்டம் முடித்து அனுபவம் சேர்த்துக்கொண்டிருப்பவர் இணைப் பொறியியலாளர். தன் பொறுப்பில் முடிவெடுக்கத் தகுதி உள்ளவர் என்று மூத்தவர்கள் பரிசீலித்து ஏற்றுக்கொண்டவர் பட்டயப் பொறியியலாளர். பேச்சு வழக்கில் 'சாட்டர்ட்'.

இங்கே இரண்டு அமைப்புகள் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். பட்டயத் தகுதியைத் தருவது இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம், எல்லாரும் ஐ.ஈ.எஸ்.எல் என்று சொல்வது. 1906 இல் ஒரு சங்கமாகத் தொடங்கி, 1968 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட நிறுவகம் அது. தலைமையகம் கொழும்பு 7, விஜேராம மாவத்தையில். பேரவை வேறு. நிறுவகம் தகுதி தரும், பேரவை பதிவு செய்யும். ஒன்றில் சேர்ந்ததால் மற்றதிலும் சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கட்டணமும் விண்ணப்ப இறுதி நாளும் அவ்வப்போது மாறுவதால், நண்பர் போன வருஷம் நிரப்பிய படிவத்தை வாங்கி நிரப்பாமல் அன்றைய படிவத்தை இணையத்தளத்திலிருந்து இறக்கி எடுங்கள்.

இந்தப் பாதையில் தடக்கி விழுபவர்களில் பலருக்குப் பொறியியல் நன்றாகவே தெரியும். தான் எடுத்த முடிவு எது, அதை ஏன் எடுத்தேன் என்று காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது, அதுதான் சிக்கல். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி நாட்குறிப்பைப் பற்றியது.

முதல் படி: உங்கள் பட்டம் எந்த வரிசையில் நிற்கிறது

நிறுவகத்தின் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு குறித்த பாடநெறிக்கு, ஒரு குறித்த காலத்துக்குக் கொடுக்கப்படுகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமானாலும் சரி, பேராதனை, மொறட்டுவை ஆனாலும் சரி, பார்க்க வேண்டியது உங்கள் துறையும் நீங்கள் படித்த ஆண்டும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்பதையே. ஒரே பீடத்தில் ஒரு துறை முன்னும் இன்னொரு துறை பின்னும் அங்கீகாரம் பெறுவது வழமைதான்.

2014 இல் நிறுவகம் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. நிறுவகம் அங்கீகரித்த இலங்கைப் பட்டத்தைக் கனடாவிலும் ஒஸ்ரேலியாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள சக அமைப்புகள் கல்வித் தகுதியளவில் நிகராகக் கருதுவதற்கு அடிப்படை அதுதான். இந்தியாவும் அதே 2014 இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும்: இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் 'ரியர் 1' என்று அங்கீகரித்த பாடநெறிகள் மட்டுமே உடன்படிக்கைக்குள் வரும். கல்லூரி பெயர் பெற்றது, விடுதி நல்லது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. பணம் கட்டுவதற்கு முதல் அந்தப் பட்டியலைப் பாருங்கள். கட்டிய பிறகு பார்த்து ஒரு பயனும் இல்லை.

பட்டமின்றி உயர் தேசிய டிப்ளோமா வைத்திருப்பவர்களுக்குக் கூட்டிணைக்கப்பட்ட பொறியியலாளர் என்ற தனி வகுதி உண்டு, அதற்கு வேறு நிறுவகம். பட்டயம்தான் வேண்டும் என்றால் பட்ட நிலைக்குச் சமமான பரீட்சைகளை முடித்து வர வேண்டும். வேலையும் குடும்பமுமாக அதைச் செய்வது பல வருஷப் பாடு. செய்து முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: இணை உறுப்புரிமையை உடனே எடுங்கள்

பெறுபேறு வந்த கையோடு நிறுவகத்தில் இணை உறுப்பினராக விண்ணப்பியுங்கள். "முதல் வேலை கிடைக்கட்டும், பிறகு பார்ப்பம்" என்று தள்ளிப்போட்டால் இரண்டு மூன்று வருஷ அனுபவம் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் ஓடிவிடும். அந்தக் காலத்தைப் பின்னால் போய்ச் சான்றுப்படுத்துவது பெரிய தலையிடி. பட்டத்துக்குப் பின் பரிசீலனைக்குப் போக நாலைந்து வருஷம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அந்த வருஷங்கள் எண்ணப்பட வேண்டுமானால் முதல் நாளிலிருந்தே பதிவு இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை முன்மொழியவும் ஆதரிக்கவும் பட்டய உறுப்பினர்கள் வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மின்சார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மாநகர சபை, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நிறுவகத்துக்கு வடக்கிலும் கிளை உண்டு. அங்கே நடக்கும் பின்னேர விரிவுரைக்கு இரண்டு முறை போனாலே நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம். தொடர் தொழில்சார் விருத்திக்கான மணித்தியாலமும் அதோடு சேரும். சான்றிதழை மட்டும் மறக்காமல் வாங்கி வாருங்கள்.

உங்கள் மேலதிகாரி பட்டயப் பொறியியலாளராக இல்லாவிட்டால் வெளியே ஒரு வழிகாட்டியைத் தேட வேண்டும். தனியார் ஒப்பந்தகாரரிடம் வேலை செய்யும் இளைஞர்களில் பலருக்கு இந்த நிலைமைதான். மாதம் ஒருக்கால் உங்கள் குறிப்பேட்டை வாசித்து "இதை ஏன் இப்படிச் செய்தீர்?" என்று கேட்கக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள். பெரிய பதவியில் இருந்துகொண்டு வாசிக்காமல் கையெழுத்து வைப்பவரால் உங்களுக்கு ஒரு உதவியும் இல்லை.

மூன்றாம் படி: நாட்குறிப்பு

பெரும்பாலானவர்களின் குறிப்பேட்டில் இருப்பது இப்படி:

"அத்திவாரம் வெட்டப்பட்டது. சுண்ணக்கல்லில் குழி காணப்பட்டது. கொங்கிறீற்று இட்டு நிரப்பப்பட்டது."

வெட்டியது மேசன், கண்டது ரி.ஓ. எனப்படும் தொழில்நுட்ப உத்தியோகத்தர், நிரப்பியது ஒப்பந்தகாரர். பொறியியலாளர் எங்கே? குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். மழைநீர் கல்லைக் கரைத்து உள்ளே குழியும் குகையும் உண்டாக்கியிருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்:

"தூண் சி-4. சுமை, அத்திவாரத்தின் தன்னெடையும் சேர்த்து, 900 கிலோநியூற்றன். வரைபடத்தில் அத்திவாரம் 2.0 × 2.0 மீற்றர், ஆகவே தாக்கம் 225 கிலோபஸ்கால்; வடிவமைப்பு அனுமதித்தது 250. 1.5 மீற்றர் ஆழத்தில் வடகிழக்கு மூலையில் வெடிப்பு. நான் வேலையை நிறுத்தி, நாலு மூலையிலும் நடுவிலும் அடித்தளத்துக்குக் கீழ் 3 மீற்றர் வரை துளைக்கச் சொன்னேன். ஐந்தில் ஒன்றில் 2.1 முதல் 2.5 மீற்றர் வரை வெற்றிடம். மூன்று வழிகள் இருந்தன: வெற்றிடத்தை மட்டும் நிரப்புவது, நிரப்பி அத்திவாரத்தைப் பெருப்பிப்பது, பக்கத்துத் தூணோடு சேர்த்து இணை அத்திவாரம் போடுவது. இரண்டாவதைப் பரிந்துரைத்தேன். 2.5 × 2.5 மீற்றரில் பரப்பு 6.25 சதுர மீற்றர். தடிப்பு 0.5 மீற்றர் என்பதால் கூடுதல் கொங்கிறீற்று 1.125 கனமீற்றர், கூடுதல் எடை 27 கிலோநியூற்றன். புதிய தாக்கம் 148 கிலோபஸ்கால். கணிப்பை வடிவமைப்புப் பொறியியலாளருக்கு அனுப்பினேன். கம்பியைத் திருத்தி ஒப்புதல் தந்தார். படிப்பினை: கட்டடம் முழுவதற்கும் இரண்டே இரண்டு ஆய்வுத் துளை போட்டிருந்தார்கள். சுண்ணக்கல்லில் ஒவ்வொரு தூணடியையும் துளைத்துப் பார்க்கும் செலவை விலைப்பட்டியலில் முதலே சேர்க்க வேண்டும்."

எண்கள் உதாரணத்துக்கு. பார்க்க வேண்டியது வடிவத்தை: என்ன கண்டேன், எத்தனை வழி இருந்தது, எதை ஏன் தெரிந்தேன், யார் ஒப்புதல் தந்தார், அடுத்த முறை என்ன மாற்றுவேன். இரவில் கால் மணித்தியாலம் போதும். வாரம் ஒரு பக்கம் இப்படி எழுதினால் நாலு வருஷத்தில் இருநூறு பக்கம் சேரும். பரிசீலனைக்குக் கொடுக்கும் அறிக்கைக்கு அதில் பத்துப் பக்கம்தான் தேவைப்படும். அந்தப் பத்தை நாலு வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுத வெளிக்கிட்டால் எண் ஒன்றும் வராது, "செய்யப்பட்டது" மட்டும்தான் வரும்.

யாழ்ப்பாணத்து வேலைத்தளத்தில் இப்படி எழுதுவதற்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரையே எடுங்கள். கொங்கிறீற்றுக்குத் தளத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்கலாமா? மேசன் வாயில் விட்டுப் பார்த்து "சாடையான உவர், பரவாயில்லை" என்பார். ஈ.என் 1008 நியமம் கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கான தண்ணீரில் லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைட் வரை அனுமதிக்கிறது. மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி 1,600 என்று வந்தால் பவுசர் தண்ணீருக்கு மாற வேண்டும், அல்லது கலவையின் மொத்தக் குளோரைட் எல்லைக்குள் நிற்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். பவுசரின் விலை, ஒப்பந்தத்தில் அதை யார் ஏற்பது, நீங்கள் எழுதிய கடிதம், ஒப்பந்தகாரரின் பதில் எல்லாம் சேர்ந்தால் ஒரே சம்பவத்தில் தொழில்நுட்பம், செலவு, ஒப்பந்தம் மூன்றிலும் உங்கள் கை தெரியும். கடலோரமானால் கம்பி மூடுகையையும், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கொங்கிறீற்றின் தடிப்பையும், தொடுங்கள்: காற்றில் உப்பு வரும் இடம் யூரோகோட் 2 என்ற கொங்கிறீற்று வடிவமைப்பு நியமத்தில் எக்ஸ்.எஸ்1 வகுப்பு, அலை அடிக்கும் இறங்குதுறைத் தூண் எக்ஸ்.எஸ்3. காரைநகர் வீட்டுக்கும் நெடுந்தீவு இறங்குதுறைக்கும் ஒரே மூடுகையைக் காட்டும் வரைபடம் கையில் வந்தால், கேள்வி எழுப்ப வேண்டியவர் நீங்கள்தான்.

மின் பொறியியலாளருக்கும் அதே கல்தான் தலையிடி. புவித்தொடுப்புக் கோலை அடித்தால் இரண்டடியில் கல்லில் முட்டி வளைகிறது. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கும் வீட்டில், 50 வோல்ற்று எல்லையை வைத்துக் கணக்குப் பார்த்தால் புவித் தடை 1,667 ஓம் வரை போகலாம் என்று வரும். ஆனால் 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எண் நிலையாக நில்லாமல் போகக்கூடும் என்று மின்னிணைப்புக்கான பிரித்தானிய நியமம் பி.எஸ் 7671 எச்சரிக்கிறது. நிலையாக நில்லாது என்பதன் பொருள் இங்கே நன்றாகத் தெரியும்: மார்கழியில் மண் ஊறிக் கிடக்கும்போது அளந்து கையெழுத்து வைத்த எண் ஆவணியில் வேறொன்றாக இருக்கும். கல்லைத் துளைத்து பென்ரனைற்று நிரப்பிக் கோலை இறக்கி, மாரியிலும் கோடையிலும் அளந்து, இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்த இளைஞருக்கு நேர்முகத்தில் பேச அரை மணித்தியாலத்துக்கு விஷயம் இருக்கிறது.

நாலாம் படி: அனுபவத்தில் ஓட்டை விடாதீர்கள்

வடக்கில் அடிக்கடி காணும் ஓட்டை வடிவமைப்பு. பெரிய திட்டங்களின் வரைபடம் கொழும்பில் தயாராகி வருகிறது. இங்கே இருப்பவர் ஐந்து வருஷம் வேலைத்தளத்தில் நின்றும் ஒரு வளையைக்கூடக் கணித்திருக்கமாட்டார். "மேற்பார்வை செய்தேன்" என்பது மட்டும் நிறைந்த அறிக்கையை எந்தப் பரிசீலகரும் விரும்பமாட்டார்.

இதற்கு வழி, வரும் கணிப்புத் தாள்களைக் கேட்டு வாங்கித் தனியாக ஒரு தரம் கணித்து ஒப்பிடுவது. அதோடு, தளத்திலேயே செய்ய வேண்டிய தற்காலிக வேலைகளின் வடிவமைப்பைக் கையில் எடுப்பது. 150 மில்லிமீற்றர் தட்டுக்குப் பலகையடிப்பதை எடுங்கள்: ஈரக் கொங்கிறீற்று கனமீற்றருக்கு 25 கிலோநியூற்றன், ஆகவே 3.75; ஆளும் தள்ளுவண்டியும் 1.5, பலகை 0.5, கூட்டினால் சதுர மீற்றருக்கு 5.75. முட்டு மீற்றருக்கு மீற்றர் வைத்தால் ஒரு முட்டுக்கு 5.75 கிலோநியூற்றன். அந்த நீளத்தில் அந்த முட்டு வளையாமல் தாங்குமா, அடியில் வைக்கும் பலகைத் துண்டு மாரிச் சேற்றில் புதையாமல் நிற்குமா? மதகு, கிடங்கிலிருந்து நீர் இறைப்பு, சாரம் எல்லாம் இந்த வகைதான். சின்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள். கணிப்பில் உங்கள் கையெழுத்து இருந்தால் அது வடிவமைப்புத்தான்.

ஒப்பந்த நிர்வாகம் இரண்டாவது ஓட்டை. கால நீடிப்பு, மாற்றுக் கட்டளை, தாமத இழப்பீடு, பிடிப்பணம் ஆகியவற்றை உங்கள் திட்டத்தின் ஒப்பந்தத்தில் எந்த வாசகம் ஆளுகிறது என்று தெரிந்திருங்கள். சீடா எனப்படும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் நியம ஏலப் பத்திரம், கட்டட வேலை அளவீட்டுக்கான எஸ்.எல்.எஸ் 573, மாகாண விலைப்பட்டியல் மூன்றும் மேசையில் இருக்கட்டும்.

கணினி, மென்பொருள் துறையினருக்குத் தளம் வேறு, கேள்வி அதேதான்: எந்தத் தெரிவை நீங்கள் செய்தீர்கள், பிழைத்தால் யாருக்கு என்ன ஆகும்?

ஐந்தாம் படி: அறிக்கை

அறிக்கை ஆங்கிலத்தில். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. "நான் செய்தேன்" என்று எழுதுவது தலைக்கனம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்க்கப்பட்டிருக்கிறோம். அதனால் "நாங்கள்" என்றும் "செய்யப்பட்டது" என்றும் எழுதுகிறோம். பரிசீலகருக்கு அது தன்னடக்கமாகத் தெரியாது. ஆளே காணாமல் போனதாகத்தான் தெரியும். எழுதி முடித்த வரைவை எடுத்து, 'நாங்கள்' வரும் ஒவ்வொரு இடத்திலும் பேனையால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் கேளுங்கள்: இதில் என் பங்கு எது? பங்கு இருந்தால் 'நான்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் யார் செய்தார் என்று பதவியைச் சொல்லுங்கள், அல்லது வசனத்தையே வெட்டுங்கள். மற்றவர் செய்ததை 'நான்' என்று எழுதினால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

திட்ட அறிமுகத்துக்கு அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். எத்தனை மில்லியன் ரூபாய், யார் நிதி, எந்த அமைச்சர் திறந்து வைத்தார் என்பதெல்லாம் பெயர்ப்பலகைச் சங்கதி. மூன்று நாலு பிரச்சினைகளைத் தெரிந்தெடுத்து ஆழமாகப் போங்கள். பிழைத்த ஒன்றும் அதில் இருக்கட்டும். ஐந்து வருஷத்தில் ஒரு பிழையும் நேராதவர் முடிவே எடுக்காதவர்.

இணைப்பாக வைக்கும் வரைபடத்திலும் கணிப்பிலும் உங்கள் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். வேலை கொடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், முக்கியமாகப் பாதுகாப்பு, மின் வழங்கல் சார்ந்த வரைபடங்களுக்கு. சொல் எல்லையை மீறாதீர்கள். போன தடவை சித்தியடைந்தவரின் அறிக்கையை வாங்கிப் பெயர் மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். துறை சின்னது, பரிசீலகர் அதை ஏற்கெனவே வாசித்திருப்பார்.

ஆறாம் படி: கடதாசிகள்

பொறியியலோடு சம்பந்தமே இல்லாமல் மாதக்கணக்கில் இழுப்பது இந்தப் பகுதி. எங்கள் பெயர் முறைதான் காரணம். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், அதற்குள் தகப்பன் பெயர் இல்லை. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னுக்கு. பட்டச் சான்றிதழில் முதலெழுத்துகள். கடவுச்சீட்டில் இன்னொரு ஆங்கில எழுத்துக்கூட்டு, ஒரு 'எச்' கூட அல்லது ஒரு 'ஏ' குறைய. கலியாணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்களுக்கு இன்னும் ஒரு வடிவம். இடப்பெயர்வில் மூலப் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்களும் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டு வடிவத்தை அடிப்படையாக வைத்து, மற்றவையும் அதே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கையில் கொடுங்கள்; இல்லாவிட்டால் அவர் தனக்குச் சரியென்று பட்ட எழுத்துக்கூட்டில் புதிதாக இன்னொரு பெயரை உண்டாக்கிவிடுவார்.

சேவைக் கடிதத்தை வேலையை விட்ட கிழமையே வாங்குங்கள். அதில் சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி, செய்த வேலையின் தன்மை, கையெழுத்திட்டவரின் தகுதி எல்லாம் இருக்க வேண்டும். திட்டம் முடிந்ததும் கூட்டு நிறுவனங்கள் கலைந்துவிடும், அரசசார்பற்ற அமைப்புகள் கந்தோரைப் பூட்டிவிட்டுப் போய்விடும். பூட்டிய கதவில் தட்டிக் கடிதம் வாங்க முடியாது.

ஏழாம் படி: நேர்முகம்

எதிரே உங்கள் துறையில் மூத்த பட்டயப் பொறியியலாளர்கள் இருப்பார்கள். கொழும்பில் என்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் குந்தியிருந்து, விடிய வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிவிட்டு ஒன்பது மணிக்குக் கதிரையில் இருந்தவருக்குத் தன் அறிக்கையின் எண்ணே ஞாபகம் வராது.

கேள்வி பெரும்பாலும் உங்கள் அறிக்கையிலிருந்தே பிறக்கும், அதன் விளிம்பிலிருந்து. 150 மில்லிமீற்றர் கொங்கிறீற்றுக் கனவடிவ மாதிரிகள் 28 நாளில் பலம் காட்டவில்லை என்று எழுதியிருந்தால், "பிறகு?" என்பார்கள். "உடைக்கச் சொன்னேன்" என்று பாய்வது பிழை. "பரவாயில்லை என்று விட்டேன்" என்பது அதைவிடப் பிழை. மாதிரி எடுத்ததும் பராமரித்ததும் சோதித்ததும் சரியா என்று முதலில் பார்ப்பது. அடுத்து கட்டமைப்பிலேயே சுத்தியல் சோதனை, அகழ்வு மாதிரி. கிடைத்த உண்மையான பலத்தை வைத்து அந்த உறுப்பு சுமையைத் தாங்குமா என்று மீளக் கணிப்பது. அதற்குப் பிறகுதான் பலப்படுத்துவதா, இடிப்பதா, விடுவதா என்ற முடிவு. அந்த ஒழுங்கைத்தான் கேட்கிறார்கள். எந்த நியமத்தைப் பாவித்தீர்கள் என்றும் கேட்பார்கள். கொங்கிறீற்று வடிவமைப்புக்கான பி.எஸ் 8110 பிரித்தானியாவில் 2010 இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்னும் அதைப் பாவித்திருந்தால் ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஒழுக்கக்கோவைக் கேள்வி எங்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. ஒப்பந்தகாரர் உங்கள் சித்தப்பாவின் மருமகனாக இருப்பார். பொங்கலுக்கு ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். உறவைத் திட்டம் தொடங்க முதலே எழுத்தில் அறிவித்து, அவருடைய பட்டியலை அளப்பதிலிருந்து விலகி, பெட்டியை மரியாதையாகத் திருப்பி அனுப்பி, அதையும் பதிவது. "உறவென்றாலும் நான் நேர்மையாக நடப்பேன்" என்பது பதிலாகாது. நீங்கள் நேர்மையாக நடப்பது மற்றவருக்கும் தெரியும்படி என்ன செய்தீர்கள் என்பதே கேள்வி.

ஒத்திகையை ஆங்கிலத்தில் செய்யுங்கள். தளத்தில் நாள் முழுக்கத் தமிழில் வேலை வாங்குபவருக்குத் தன் வேலையை ஆங்கிலத்தில் விளக்க நாக்கு வளையாது; விஷயம் தெரியாதவர்போல ஆகிவிடும். வழிகாட்டி முன் இரண்டு முறை, வேறு துறைக்காரர் ஒருவர் முன் ஒரு முறை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எங்கே தேடுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சித்தி தவறினால், சுட்டிக்காட்டிய குறையை மட்டும் எடுத்து அதற்கான அனுபவத்தைத் தேடுங்கள். வடிவமைப்புப் போதாது என்று வந்தவர் அறிக்கையின் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டு திரும்பப் போனால் திரும்பவும் அதே பதில்தான்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

அதே நாட்குறிப்புத்தான் அங்கும் முதல். ஒஸ்ரேலியாக் குடிவரவுக்கான தகுதி மதிப்பீட்டை எஞ்சினியர்ஸ் ஒஸ்ரேலியா செய்கிறது. உடன்படிக்கைக்குள் வரும் பட்டம் உள்ளவருக்கு அதற்கென்று தனிச் சுருக்க வழி. மற்றவர்கள் தலா 1,000 முதல் 2,500 சொற்களில் மூன்று தொழில் அத்தியாயம் எழுத வேண்டும், பந்தி பந்தியாக எண் போட்டு. தகுதிச் சுருக்கத்தில் ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே அந்தப் பந்தி எண்ணைக் காட்ட வேண்டும். காசுக்கு எழுதிக் கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். களவெழுத்தைக் கண்டுபிடித்தால் விண்ணப்பத் தடை வரும். இந்த மதிப்பீடு தொழில் உரிமமும் ஆகாது. குயின்ஸ்லாந்தில் வேலை செய்ய அங்கே தனிப் பதிவு வேண்டும்.

ரொறன்ரோவில் பெரியப்பா இருப்பவர்கள் ஒன்ராறியோவின் விதியைப் படியுங்கள். 48 மாத அனுபவத்தை 7 பிரிவில் 34 தகுதிகளாக எழுதிக் காட்ட வேண்டும். கனேடிய அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனை 2023 இல் எடுக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதை நம்பிப் பெற்றோல் நிலையத்தில் வருஷங்களைக் கழிப்பவர்களுக்கு யாராவது சொல்லுங்கள். சட்டமும் ஒழுக்கமும் பற்றிய பரீட்சை 110 பல்தேர்வு வினாக்கள், இரண்டரை மணித்தியாலம். வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கூடுதல் தொழில்நுட்பப் பரீட்சையும் கேட்கப்படலாம். அமெரிக்காவில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பொதுவான ஏணி முதலில் 110 வினா அடிப்படைப் பரீட்சை, பிறகு பெரும்பாலும் நாலு வருஷ அனுபவம், பிறகு தொழில்சார் பரீட்சை. பிரித்தானியப் பட்டயத்துக்கு ஏ முதல் ஈ வரை ஐந்து தகுதித் தொகுதிகள் உண்டு. எங்கள் அறிக்கையில் பலருக்கு மெலிந்திருப்பது அவற்றில் நாலாவது, தொடர்பாடல்.

இவற்றில் பலவற்றுக்கு உங்கள் வேலையை நேரில் கண்ட மூத்தவர் உறுதிப்படுத்த வேண்டும், அதுவும் மின்னஞ்சல் வழியாக. கந்தோர் மின்னஞ்சல் ஓய்வுபெறும் நாளோடு செத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் மேற்பார்வை செய்தவரின் சொந்த மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி அந்தத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். வருஷம் ஒருக்கால் தைப்பொங்கல் வாழ்த்து அனுப்பினால் முகவரி மாறியதும் தெரியவரும், உங்கள் பெயரும் அவருக்கு மறக்காது.